இரண்டு வாளிக் கடலை

வாளியின் அடியில் ஒரு செத்தல் மிளகாய்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

கழுவ எடுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அது மீனுக்குக் கடலை போன வாளி. கொலின் பிரான்சில் ஏரிக்கரையில் காலி செய்து, இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. மூடியைத் தொலைத்துவிட்டானாம். மீனுக்கு அவித்த கடலையில் நான் மிளகாய் போடவே இல்லை.

கொலின் நான் வேலை செய்யும் பாண் பேக்கரியில் சூப்பர்வைசர். வருடத்தில் ஒரு கிழமை பாரிசுக்கு அப்பால் ஓர் ஏரிக்குக் கெண்டை பிடிக்கப் போவான். பிடித்து, எடை நிறுத்து, குழந்தையைப் போல ஏந்திப் படம் எடுத்து, திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். மன்னாரில் ஒருவன் இப்படிச் செய்தால் பேய் பிடித்துவிட்டதென்று வீட்டார் அவனை மடுமாதா கோயிலுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்.

லண்டன் எட்மண்டன் தமிழ்க் கடையில் கொண்டைக்கடலை மூட்டையாகவே வாங்கலாம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மீனுக்குச் சமைக்கும் வேலை என் தலையில்.

செய்முறையை ஒரு தாளில் எழுதி, அடுப்புக்கு மேலே அவனே ஒட்டிவிட்டுப் போனான். ஒரு நாள் முழுக்க ஊறவேண்டும். அரை மணி நேரம் கொதிக்கவேண்டும். கொஞ்சம் சீனி போடலாம், உப்புக் கூடாது. பிறகு அவித்த தண்ணீரிலேயே மூன்று நாள், புளித்து நூல் விடும்வரை. சரியாக ஊறாத கடலை மீனின் வயிற்றுக்குள் போய் வீங்கும், மீன் செத்துப்போகும். அந்த வரிக்குக் கீழே மட்டும் மூன்று கோடு.

ஒரு மீனின் வயிற்றுக்காக இவ்வளவு கவலைப்பட்ட மனிதனை நான் அதுவரை கண்டதில்லை.

என் கவலை வேறொரு வயிறு.

என் மனைவி எமில்டாவை ஏஜென்சிக்காரன் தொண்ணூறாம் ஆண்டு தையில் பாரிஸ்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மறைந்தான். இருபது மாதமாகிறது. அவளுக்கு இங்கே வர விசா இல்லை. என் அகதி வழக்கு முடியவில்லை. கடல் தாண்டினால் நான் திரும்பி வரமுடியாது.

ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு அங்கிருந்து ரெலிபோன் எடுப்பாள். சாப்பாடு எப்படி என்று கேட்பேன். “அதுக்கென்ன, வடிவாச் சாப்பிடுறன்,” என்பாள். செபமாலைக்குப் பதில் சொல்வது போல, ஒவ்வொரு கிழமையும் அதே சொல். அவள் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ரெலிபோனில் முகம் எங்கே?

அதனால்தான் இந்த முறை ஒரே மூட்டையிலிருந்து இரண்டு வாளி செய்தேன்.

ஒன்று மீனுக்கு. மற்றது அவளுக்கு, செத்தல் மிளகாயும் கடுகும் வெங்காயமும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்தது. போகிற வழியில் அவள் இருக்கும் வீட்டில் கொடுத்துவிடுவதாகக் கொலின் ஒப்புக்கொண்டான். இரண்டும் பேக்கரிக்கு ஜாம் வரும் வெள்ளை வாளிகள், இரட்டைப்பிள்ளைகள் மாதிரி. மாறிவிடக்கூடாதே என்று மூடிகளில் தடித்த பேனாவால் பெரிதாக எழுதினேன். ஒன்றில் மீன். மற்றதில் எமில்டா.

தமிழில் எழுதினேன்.

கொலினுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது, இந்த மிளகாய்த் துண்டைக் காணும்வரை என் மண்டையில் ஏறவில்லை. இது இன்னாருக்கு என்று கையால் காட்டித்தான் கொடுத்தேன். தன் வான் வண்டிக்குள் எப்படி அடுக்கினானோ.

காலையில் வாசலில் நின்று அவன் சொன்னதெல்லாம் இப்போதுதான் விளங்கியது. கெண்டைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். இருபது கிலோவில் ஒன்று வந்ததாம். அடுத்த வருடமும் இதே சாமான்தான் வேண்டும் கிறிஸ் என்று என் தோளில் தட்டினான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்படியென்றால் அவளுக்குப் போனது புளித்து நூல் விட்ட மீன் தீனி. புருசன் முதன்முதலாக அனுப்பிய சாப்பாடு.

திறந்த கையோடு குப்பையில் கொட்டியிருக்கவேண்டும் தாயே என்று மாதாவை மன்றாடினேன். எமில்டா என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. கொட்டியிருந்தால் போதும்.

இரண்டு மணிக்கு ரெலிபோன் அடித்தது.

“அந்த வாளி…” என்று இழுத்தேன்.

“ஓம், கிடைச்சது. மூடியிலை மீன் எண்டு எழுதியிருந்தியள், நானும் ஆசைப்பட்டுத் திறந்தன்.” சிரித்தாள். “கொஞ்சம் புளிச்சுப் போச்சுது. தூரம்தானே. கழுவிக் கழுவிச் சூடாக்கினன், ஐஞ்சு நாளைக்கு வந்தது. உப்புத்தான் போட மறந்து போனியள்.”

மிளகாய்த் துண்டு இன்னும் என் விரலில் இருந்தது.

“ஓம்,” என்றேன். “மறந்துதான் போனன்.”

சாப்பாடு எப்படி என்று இன்று நான் கேட்கவில்லை.

இந்த இருபது மாதத்தில் என்னிடம் எதையுமே கேட்காதவள், மெதுவாகக் கேட்டாள்.

“அந்த வெள்ளைக்காரர் திரும்ப எப்ப வருவார்?”