இரண்டு டம்ளர் தண்ணீர்

"ஆறு மாத்திரை முழுங்க ரெண்டு டம்ளர் தண்ணியா? உங்கப்பா மனுஷரா, ஒட்டகமா?"

பெரிய மருமகள் கணவனிடம் பொரிந்து தள்ளினாள். மாமனார் அறையில் எட்டு மணி அலாரம் அடித்ததுதான் தாமதம், சின்ன மருமகள் மாத்திரை டப்பாவும் இரண்டு டம்ளருமாக உள்ளே ஓடியிருந்தாள். காலை எட்டு மணி, ராத்திரி எட்டு மணி. நாலு வருஷமாக இதே கூத்து.

"ஆள் குண்டுக்கல்லாட்டம் இருக்கார். என்ன வியாதின்னு கேட்டா மட்டும் காது கேக்காது."

"வயசானவர், விடேன்."

"விடறதா? இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

மாமனாரின் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சின்னவள் கிளம்பினாள். மாமனாரும் நடக்கப் போனார். பெரியவள் டப்பாவோடு தெருமுனை மருந்துக் கடையில் போய் நின்றாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாத்திரைகளைப் பிரித்தார்.

"இதெல்லாம் வெறும் சத்து மாத்திரை. இது..." குரல் தாழ்ந்தது. "எச்.ஐ.வி.க்குக் கொடுக்கறது. விடாம சாப்பிட்டா பயமே இல்லம்மா. ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

மாமனார் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டாள்.

"இந்த வயசுல இந்த வியாதியா மாமா? ஊர் சிரிப்பாச் சிரிக்கும்!"

அவர் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"எனக்குத்தாம்மா" என்றார். "என்னோட போகட்டும். வேற யாரையும் எதுவும் கேக்காதே."

மதியமே ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாக அவர் அறை வாசலுக்குப் போயின. கணவனுக்குக் கெடுவும் வைத்தாயிற்று.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அவருக்கு வேற இடம் பாருங்க. இல்லே, பிள்ளைங்களோட நான் எங்கம்மா வீட்டுக்கு."

சின்னவள் வீடு திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மாமனார் அறை வாசலில் கிடந்த தட்டைப் பார்த்துத் திகைத்தாள். என்ன ஏதென்று பெரியவள் சொன்னாள், காது மூக்கு வைத்து.



எட்டு மணி. அலாரம் அடித்தது.

பெரியவள் பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒரு சின்னப் புட்டியோடு மாமனார் அறை வாசலில் வந்து நின்றாள் சின்னவள்.

"டாக்டர் மருந்தை மாத்திட்டார் மாமா. இனிமே வேளைக்கு ஆறுன்னு இல்லை. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு."

"அப்பாடா, பெரிய நிம்மதி!" மாமனார் அவசரமாகக் கை நீட்டினார். "ஒண்ணுதானே, நான் பார்த்துக்கறேன். புட்டியைக் குடும்மா."

சின்னவள் கொடுக்கவில்லை.

குனிந்து அந்தத் தனி டம்ளரை எடுத்தாள். தண்ணீர் ஊற்றினாள். மாத்திரையைத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

"மாமாவை உள்ள சாப்பிடக் கூப்பிடுங்கக்கா" என்றாள். "நாலு வருஷமா அவர் முழுங்கினது வெறும் சத்து மாத்திரை. என்னோடது உங்க கண்ணுல படக் கூடாதுன்னு."