கதவோரம் வைத்த ஷூ

மே பதினேழாம் தேதிக் காலை வெயில் கண்ணாடிக் கதவு வழியே நடையில் விழுந்து, தரையெங்கும் சிதறிக் கிடக்கும் கறுப்புத் தோல் துணுக்குகளைக் காட்டிக்கொடுக்கிறது. கம்பளிப் பாவாடையும் மார்பில் வெள்ளிப் பதக்கங்களுமாய், வெறும் காலுறையோடு நிற்கிறாள் சிஸ்ஸெல். வருஷத்துக்கு ஒருநாள், நார்வேயின் தேசியத் திருநாளுக்கு மட்டும் அவள் போடுகிற வெள்ளி பக்கிள் ஷூவின் துணுக்குகள் அவை. வலதுகால் ஷூ முழுசாக இருக்கிறது. இடதுகால் ஷூவில் குதிகாலைக் காணோம். நாய்க்குட்டி லுர்வன் உதட்டை நக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. "எதையும் கீழ வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, யாரு இதை அலமாரியிலேருந்து எடுத்தது?" டையைப் பாதி கட்டிய கையோடு புருஷன் ஆர்வித் வருகிறான். "நான்தான். ராத்திரி ஆட்டுக்கொழுப்பு தடவித் துடைச்சேன். காயட்டும்னு கதவோரம் வச்சேன்." கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக அவன் ஷூ துடைத்தது இதுதான் முதல் தடவை. திட்ட வாயெடுத்தவள் குனிந்து, வலதுகால் ஷூவின் மினுமினுப்பைப் பார்க்கிறாள். கீழ்த்தெருவில் பள்ளி ஊர்வலத்தின் மேளச் சத்தம் நெருங்குகிறது. அம்மா தெருமுனையில் நிற்பாள் என்று நம்பி மகள் அதில் டிரம் அடித்துக்கொண்டு வருகிறாள். "ரப்பர் பூட்ஸ் போட்டுக்கோயேன், பாவாடை மறைச்சிடும்" என்கிறான் ஆர்வித். "நீ பேசாம இரு." அவன்மேல் காட்ட முடியாத கோபமெல்லாம் திரண்டு வர, குதறிய ஷூவை எடுத்து நாயை நோக்கி ஓங்குகிறாள். லுர்வன் துள்ளி எழுந்து நடையின் மறுகோடிக்கு ஓடி, திரும்பி நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, அவள் எறிவதற்காகக் காத்திருக்கிறது.