மோடத்தில் செருகிய டிஸ்க்

செல்வநாயகி வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரம், அவள் கணவனுக்குக்கூடக் காட்டாத ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் இருந்தன.

"என்னை மீறி ஈ, காக்காகூட உள்ளே வர முடியாது" என்று அது தன்னைச் செருகியிருந்த இன்டர்நெட் மோடத்திடம் சொன்னது.

மோடம் பச்சை விளக்கைச் சிமிட்டியது. "அண்ணே, காலையில இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து கேட்டாங்க, பின்னாடி என்ன செருகியிருக்குன்னு. சொல்லிட்டேன்."

டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிட்டது. "ஏண்டா சொன்னே? நீ இந்த வீட்டு ஆள் இல்லையா?"

"என் அடியில ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்க. நான் கம்பெனிச் சொத்து. கேட்டா சொல்லணும், திறக்கச் சொன்னா திறக்கணும்."

"திறக்கச் சொன்னாங்களா?"

"இன்னும் சொல்லல."

அந்நேரம் செல்வநாயகி லேப்டாப்போடு வந்தாள். வாசல் கதவைத் தாழிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் திரையையும் மூடினாள். அப்புறம்தான், டாக்டர் கொடுத்த அடுத்த ரிப்போர்ட்டை டிஸ்க்குக்கு அனுப்பினாள்.

அது முதலில் மோடத்தின் கைக்குத்தான் வந்தது.