விற்பனைக்கில்லாத முயல்

“தொப்பியைக் கழட்டிக்கிறேம்மா, வேர்க்குது” என்றான் யாங்யாங்.

“வேண்டாம், காத்து காதுல அடிக்கும்.” சூமெய் மகனின் கம்பளித் தொப்பியைக் காது மறைய இன்னும் கீழே இழுத்துவிட்டாள். காற்று என்று சொல்லிக்கொள்ளும்படி அங்கே ஒன்றும் அடிக்கவில்லை.

அவள் கணவன் குவாங்லின் சிரித்தான். “உங்கம்மா வேலையே தனி. மூணு நாள் சுத்திப் பார்க்க வந்ததுக்கு உன் துணிமணி மட்டும் ரெண்டு பெட்டி. இந்தக் குளிர்ல கோடைச் சட்டை வேற எடுத்து வச்சிருக்கா!”

அவனுக்கு இன்னொரு குறையும் இருந்தது. விளக்குத் திருவிழா பார்க்க வந்த கூட்டமெல்லாம் சியான் நகரத்துக் கோட்டை மதிலுக்கு ஓட, இவள் வெய் ஆற்றங்கரையில் இந்தச் சின்னச் சந்தைக்குத்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஃபோனில் இந்த ஊர் விளக்குக் கடைக்காரன் பேசுகிற வீடியோ ஒன்றைப் பார்த்தாளாம். சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அப்படி அடம்பிடித்து வந்தவள் இப்போது விளக்குகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய எள்ளுப் பூரண உருண்டையைக் கொதிக்கக் கொதிக்க வாயில் போட்டாள். நாக்கு வெந்தது, அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்குப் பசியும் இல்லை, அழுகையும் இல்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

“அப்பா, எனக்கு அந்த முயல்!”

கடையில் தாமரையும் மீனும் சேவலுமாக விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. யாங்யாங் கை நீட்டியதோ எல்லாவற்றுக்கும் மேலே தனியாகத் தொங்கிய காகித முயலை. பையன்களுக்கு எப்போதும் எட்டாததுதான் வேண்டும்.

“அது விக்கிறதுக்கில்லப்பா” என்றான் தோ என்கிற அந்தக் கடைக்காரன். “எங்க அக்கா மகனுக்குக் கட்டினது. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ.”

“ரெண்டு மடங்கு தர்றேன், குடு” என்றான் குவாங்லின்.

“பொட்டி நிறையக் குடுத்தாலும் முடியாதுண்ணே. எங்க பக்கம் பிள்ளைக்கு விளக்கை மாமன்தான் குடுக்கணும். பன்னிரண்டு வயசு வரைக்கும், வருஷா வருஷம். அவனுக்கு இது கடைசி விளக்கு.”

“எனக்கும் பன்னிரண்டுதான்!” என்று யாங்யாங் குதித்தான்.

“அப்ப போய் உன் மாமனைக் கேளு.”

“மாமனுக்கு எங்க போறது? இவ ஒத்தைப் பொண்ணு. கூடப்பொறந்ததுன்னு ஒரு பூனைக்குட்டிகூடக் கிடையாது” என்றான் குவாங்லின். மனைவியைச் சீண்டினால் வழக்கமாக அவளிடமிருந்து ஒரு முறைப்பாவது வரும். இன்று அதுவும் வரவில்லை.

யாங்யாங் விடுவதாக இல்லை. “அந்தப் பையன் எங்கே? நானே அவன்கிட்ட கேட்டு வாங்கிக்கிறேன்.”

“வருவான்” என்றான் தோ. சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, முயலுக்குள்ளிருந்த மெழுகுவத்தியைச் சரிசெய்யத் தொடங்கினான்.

உருண்டைக் கடைக்கார அம்மாள் கரண்டியை ஆட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “எங்க வர்றது? தவழற வயசுல இதே சந்தையில எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். பெத்தவ இன்னும் ஊர் ஊரா அலையறா. இவன் வருஷம் தவறாம முயல் கட்டறான்.”

“பழைய முயலெல்லாம் என்னாச்சு?” என்று கேட்டான் யாங்யாங்.

“திருவிழா முடிஞ்சதும் கொளுத்திடணும். வச்சிருந்தா மாமன் கண்ணுக்கு ஆகாதும்பாங்க. இந்த ஆளு ஒண்ணைக்கூடக் கொளுத்தல. வீட்டு உத்தரம் பூரா முயலாத் தொங்குது. கண்ணைப் பாரு, எப்படிச் செவந்து கிடக்கு!”

“இது மெழுகுவத்திப் புகைதான், அக்கா” என்று ஏணியின் மேலிருந்து தோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவன் வந்து அவன் கையால கொளுத்துவான்.”

“வந்தாத்தான் உனக்கு அடையாளம் தெரியப்போகுதாக்கும்!”

“ஏன் தெரியாது?” தோ இடது காதைத் திருப்பிக் காட்டினான். காதுக்கு முன்னால் ஊசியால் குத்தினாற்போல ஒரு சின்னக் குழி இருந்தது. “எங்க வீட்டுல எல்லாருக்கும் இது உண்டு. அவனுக்கும் இருந்துச்சு.”

குவாங்லின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மகனின் கையைப் பற்றி இழுத்தான். “வா, போலாம். ரயிலுக்கு நேரமாச்சு.”

“ரயில் நாளைக்குத்தானேப்பா?”

சூமெய் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மகனைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கைகளாலும் அவன் தொப்பியை மெல்லக் கழற்றினாள். வேர்வையில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். ஏணியில் நின்ற தோவின் பார்வை அந்தக் காதுக்கு முன்னாலேயே நிலைத்தது.

வெந்த நாக்கு அப்போதுதான் அவளுக்கு எரிந்தது.

“குடுங்க தம்பி, மாமன்தானே குடுக்கணும்?”