மடித்துப் பார்த்தவள்

நீள மேசையின் தலைப்பக்கம் இயக்குநர் மாசிலாமணி, அவருக்கு வலப்புறம் ஆமாம் போடுவதற்கென்றே பிறந்த இரண்டு பேராசிரியர்கள், கதவோரம் உலையைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வாளர் தில்லைநாயகி. மேசை நடுவே, எரிமலைக் கல்லை உருக்கி இழுத்த நூலில் நெய்த துணி. அதை உலையில் வைத்து, இழைதோறும் கார்பன் நுண்குழாய்களை முளைக்க வைத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்களுக்குத் தலைக்கவசம் செய்யும் கம்பெனி கேட்டதாம்.

"கருகருன்னு என்னமா வளந்திருக்கு," என்றார் இயக்குநர். "பலம் கூடிருச்சுன்னு கம்பெனிக்கு எழுதிரும்மா."

"உலைச் சூட்டுல நூல் செத்துப்போச்சு சார்." அவள் துணியை மடித்தாள். அப்பளம்போல் முறிந்தது.

"உன்னை யாரும்மா மடிக்கச் சொன்னா?"

"துணியக் கண்டா மடிக்கிற புத்தி பொம்பளைங்களுக்குப் போகாது சார்," என்றார் ஒரு பேராசிரியர். மற்றவர் சிரித்துவைத்தார்.

அவள் போய்க் கடிதத்தைத் தட்டச்சு செய்து வந்தாள்: துணி ஒடிகிறது, தலைக்கவசத்துக்கு உதவாது.

தன் பாராட்டுவிழா அழைப்பிதழைத் தவிர வேறெதையும் படித்தறியாத இயக்குநர், படமெடுக்க வந்தவரின் காமிராவுக்கு முகத்தைக் கொடுத்தபடியே, "கையெழுத்து எங்கம்மா போடணும்?" என்றார். தில்லைநாயகி இடத்தைக் காட்டினாள். மை காய்ந்ததும் உறையை ஒட்டி, வாசலில் நின்ற கூரியர்காரரிடம் கொடுத்தனுப்பினாள்.