தேக்குக் கதவு

முறுக்கிக்கொண்ட வாசல் கதவைக் கழற்றிப் போட்டு, தங்கை வீட்டு முற்றத்தில் தச்சன் இழைக்கிறான். பாலிஷ் உரிய உரிய, தைலமரத்தின் சிவப்பு காலை வெயிலில் பல்லிளிக்கிறது. ஏரிக்கரையில் வானை முட்டி நின்ற மரம். பலகையின் ஈரம்கூடக் காயவிடாமல், தங்கை வீடு என்றும் பாராமல், தேக்கென்று சொல்லி அவன் மாட்டிய கதவு. தங்கை பார்த்துவிடுகிறாள். இழைப்புளி நின்றுபோகிறது. உள்ளேயிருந்து அவள் கணவன் கேட்கிறான்: “ஏன் மச்சான், தேக்கு எப்பிடி முறுக்கும்?” “அடிச்ச மழைக்குத் தேக்கென்ன, இரும்பே முறுக்கும்” என்று தங்கை சிரிக்கிறாள். செருப்புச் சத்தம் நெருங்குகிறது. அவள் சட்டென்று குனிந்து, சிவந்த சீவல்களை முந்தானையில் அள்ளுகிறாள். அண்ணன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. “அவர் வர்றாரு, சீக்கிரம் பாலிஷப் பூசுண்ணே.”