வலது பக்க நாற்காலிகள்

இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரே ஒரு பாட்டை வைத்துத்தான் முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதையும் யாரும் சீண்டியதில்லை. இன்றைக்குத்தான் கடைசிக் கச்சேரி என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மதியம் காலி அரங்கத்தில் சவுண்ட் சரிபார்த்தோம். மிக்ஸரில் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். போன வாரம் எழுதிய புதுப் பாட்டை வாசித்தேன். அதை இன்னும் ஒருவருக்கும் பாடிக் காட்டவில்லை. பல்லவி வந்ததும், பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் காலி நாற்காலிகளின் பக்கம் நீட்டிவிட்டேன்.

பல்லவியை அந்த நாற்காலிகள் பாடின. ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

மச்சினன் தலை நிமிராமல் குமிழைத் திருகினான். “மாமா, ஜனங்க சத்தம் தூக்கலா இருக்கு. கொஞ்சம் குறைக்கட்டுமா?”

“இருக்கட்டும்டா,” என்றேன். இருந்த அலுப்பில் வேறென்ன சொல்ல?

சாயங்காலம் பாதி அரங்கம்கூட நிறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் இடது பக்கம் உட்கார்ந்தார்கள். பழைய பாட்டைக் கூடவே பாடினார்கள். புதுப் பாட்டு ஆரம்பித்ததும் செல்போனை எடுத்துக்கொண்டார்கள். நான் மைக்கை வலது பக்கம் நீட்டினேன். மதியத்தைவிடச் சத்தமாகவே வந்தது.

பாட்டு முடிந்ததும் கிட்டாரைக் கழற்றினேன். வந்தவர்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள்.

“ஒன்ஸ்மோர்!” என்றது வலது பக்கம்.

மச்சினன் மேடைக்கு வந்தான். “மாமா, அக்கா போன் பண்ணிட்டே இருக்கா. கிளம்பலாமா?”

“அஞ்சு நிமிஷம்னு சொல்லு,” என்று கிட்டாரை மறுபடி மாட்டிக்கொண்டேன்.